செயலி எழுதுவோர் கவனத்திற்கு

‘கைப்பேசி மாணவியருக்கு வரமா, சாபமா?’ என்று நம் பள்ளியில் பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் ஆள் சேர்ந்துவிடும். நடுவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்பதும் நமக்கு முன்பே தெரியும்: அளவோடு இருந்தால் வரம். அந்தப் பட்டிமன்றத்தை நான் இந்தப் பக்கங்களில் மறுபடியும் நடத்தப் போவதில்லை. அன்புத் தோழியரே, நான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. கைப்பேசியின் திரையில் எந்தச் சொல் வரவேண்டும், எந்த இடத்தில் பொத்தான் வரவேண்டும், அதை அழுத்தினால் என்ன ஆகவேண்டும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறாரே, அவர் நம் அம்மாவை எப்போதாவது பார்த்திருக்கிறாரா?

என் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நம் ஊரில் எட்டு மணி நேர வேலை ஒரு ஷிப்ட். அதற்கு மேல் நான்கு மணி நேரம் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை கூலி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். அம்மா பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனாலும் வாரம் முழுவதும் எத்தனை ஷிப்ட் என்பதைக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வைத்துக் கூட்டிச் சொல்வதில் ஒருநாளும் தவறியதில்லை.

சென்ற ஆண்டு, அம்மா அப்போது வேலை செய்த இடத்தில் வருகைப் பதிவுக்கென்று ஒரு செயலியைக் கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை அந்த வாரக் கணக்கு கைப்பேசிக்கு வரும். கீழே இரண்டு பொத்தான்கள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. இரண்டிலும் ஆங்கிலம். அம்மாவின் கணக்குப்படி நான்கு நாள் ஒன்றரை, இரண்டு நாள் ஒன்று, ஆக எட்டு ஷிப்ட். திரையில் இருந்ததோ ‘60:00’ என்ற எண். எட்டு ஷிப்டுக்கு 64 மணி நேரம் வரவேண்டும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் ஆயுளில் கூலியை மணிக் கணக்கில் எண்ணியதில்லை. பச்சையை அழுத்தினால் விவரம் திறக்கும் என்று நினைத்து அழுத்திவிட்டார். பச்சைக்கு அர்த்தம், ‘இந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன்’ என்பது.

மறுநாள் அரை ஷிப்ட் கூலி குறைந்திருந்தது. கேட்டதற்கு, “நீங்களேதான ஓகே குடுத்திருக்கீங்க அக்கா?” என்று பதில் வந்தது. அம்மா சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பேசியை என்னிடம் நீட்டி, “ஏங்கண்ணு, இதுல நான் போட்ட ஒன்னரை எங்க இருக்குதுன்னு காட்டு” என்றார். நானும் தேடினேன். ஒன்றரை என்ற எண்ணமே அந்தச் செயலியில் இல்லை.

அந்தச் செயலியை எழுதியவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நல்ல படிப்பாளியாகவே இருப்பார். ஆனால் ஷிப்ட் என்றால் என்ன என்று தையல் மேசையில் இருப்பவர்களிடம் ஒருமுறை கேட்டிருந்தால் அந்தத் திரை வேறு விதமாக இருந்திருக்கும். இதுதான் இந்தக் கட்டுரையில் என் கட்சி. செயலியின் முகத்தை அதைப் பயன்படுத்துவோரின் கணக்கிலிருந்தும் மொழியிலிருந்தும் தொடங்க வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் முழுவதையும் கட்டி முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை ஒட்டுவது, தைத்து முடித்த சட்டைக்குப் பிறகு அளவெடுப்பது போன்றது.

நாடளாவிய அளவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் என்ற மத்திய அரசின் இணையத்தளத்தில் முன்பதிவு செய்யவேண்டும் என்றார்கள். அப்போது அங்கே தமிழ் கிடையாது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மாநில மொழிகள் பலவற்றைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலிலும் தமிழ் விடுபட்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து எடுத்துச் சொன்ன பிறகு சில நாட்களில் சேர்ந்தது. சில நாட்களில் சேர்க்க முடிந்த ஒன்றை முதல் நாளே சேர்த்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். அந்த மே மாதத்தில் ஊசி கிடைப்பதே அரிதாக இருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களின் விரல்தான் முந்தியது.

குறை சொல்வது சுலபம், நீ செய்து காட்டு என்று யாரும் கேட்கலாம். நானும் என் வகுப்புத் தோழியர் இருவரும் செய்து பார்த்தோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்கிராட்ச் என்ற கட்டம் அடுக்கும் முறையைப் படிக்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே முறையில் ஆண்ட்ராய்டு செயலிகளைச் செய்வதற்கு ஆப் இன்வென்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கூகுள் நிறுவனம் 2010-இல் வெளியிட்டது; பிறகு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறியது. கணினி அறையில் உள்ள சாதாரணக் கணினியே அதற்குப் போதும். நாங்கள் செய்ததன் பெயர் ‘ஷிப்ட் நோட்டு’. அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, லீவு என்று ஐந்து பொத்தான்கள். வார முடிவில் மொத்த ஷிப்டும், அதற்குரிய மணியும் அருகருகே வரும். இவ்வளவுதான்.

‘இவ்வளவுதான்’ என்று எழுதிவிட்டேன். அதற்கு எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. முதல் முறை கூட்டிப் பார்த்தபோது ஒன்றும் ஒன்றரையும் சேர்ந்து 2.5 வருவதற்குப் பதிலாக 11.5 வந்தது. கூட்டல் கட்டத்தை வைக்காமல், எழுத்துகளை ஒட்டும் கட்டத்தை வைத்திருந்தோம்! அந்தக் கணக்கின்படி கூலி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அம்மா சிரித்தார்.

அந்த மூன்று மாதத்தில் கற்றவற்றைச் சொல்கிறேன். முதலாவது, தமிழ் எழுத்துக்கு உடம்பு உயரம் அதிகம். ‘கீ’ என்ற எழுத்தில் கொக்கி மேலே போகும். ‘ழூ’ என்ற எழுத்தில் வால் கீழே போகும். ஆங்கிலத்துக்கென்று உயரத்தைக் கட்டிப்போட்ட பொத்தானில் நம் எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டுவிடும். சொற்களும் நீளம். ஆகவே பொத்தானின் அகலத்தை எண்ணால் கட்டாமல் சொல்லுக்கு ஏற்ப விரியும்படி விடவேண்டும். அதைவிட நல்லது, சிறிய சொல்லாகத் தேடுவது. ‘சமர்ப்பிக்கவும்’ என்று எழுதினால் இரண்டு வரி ஆகும், படிப்பவருக்கும் அச்சம் வரும். ‘அனுப்பு’ என்றால் போதும். ‘விடுப்பு’ என்றுதான் நாங்கள் முதலில் போட்டோம். தமிழம்மா மகிழ்ந்திருப்பார், ஆனால் எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘லீவு’ என்று மாற்றினோம்.

இரண்டாவது, கணினி எழுத்தை எண்ணும் விதம் வேறு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு என்ற குறியீட்டு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் அதில் இல்லை. மெய்யின் புள்ளியும், கொம்பும், காலும் தனிக் குறிகளாகச் சேர்ந்தே எழுத்து உருவாகிறது. ‘திருப்பூர்’ என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் பத்து. ‘அந்தோணியம்மாள்’ நமக்கு எட்டு, கணினிக்குப் பதினான்கு. பெயர் எழுதும் கட்டத்தில் ‘பன்னிரண்டுக்கு மேல் கூடாது’ என்று ஒருவர் விதித்துவிட்டால் மேரிக்கு இடம் உண்டு, அந்தோணியம்மாளுக்கு இல்லை. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமானால் 160 குறிகளும் தமிழானால் 70 குறிகளுமே அடங்கும் என்பதும் இதன் உறவுதான். தமிழில் செய்தி அனுப்பும் செயலி எழுதுகிறவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல்களையெல்லாம் நமக்கு முன்பே ஒருவர் பொறுமையாக அவிழ்த்திருக்கிறார். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு அஞ்சல்’ என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். கைப்பேசியில் தமிழ் எழுதுவதற்கான அவருடைய ‘செல்லினம்’ 2005-இல் சிங்கப்பூரில் வெளியானது. திரையைத் தொட்டு எழுதும் கைப்பேசிகள் அப்போது பரவலாகவில்லை. எண் பொத்தான்களை அழுத்தி அழுத்தித்தான் எழுத்தை வரவழைக்க வேண்டும். அந்தச் சிறு திரைக்குள் ஔகாரத்தையும் அடக்கிய அந்த உழைப்பை நினைத்தால், பெரிய திரை இருந்தும் பொத்தானில் தமிழைச் சிதைய விடுகிறவர்களுக்கு என்ன சாக்கு இருக்கிறது?

மூன்றாவது, விரல். பொத்தானுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டி கூறுகிறது. நாள் முழுவதும் துணி தள்ளிய கைக்கு அது போதாது. நாங்கள் இரண்டு மடங்கு வைத்தோம். பச்சை, சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. அவ்விரண்டையும் பிரித்துக் காணமுடியாத கண்களும் உண்டு. சொல்லும் இருக்கவேண்டும், நிறமும் இருக்கவேண்டும். பணம் சம்பந்தப்பட்ட பொத்தானாக இருந்தால் அழுத்தியதைத் திரும்பப் பெறுவதற்கு வழியும் இருக்கவேண்டும். இதில் நான் யாரோடும் சமரசத்துக்கு வரமாட்டேன். கையெழுத்துப் போட்ட தாளைக்கூட அலுவலகத்தில் கேட்டுத் திருத்தலாம்; ஒரு விரல் தவறியதற்குத் திருத்தமே இல்லை என்பது என்ன நியாயம்?

நான்காவதை எங்கள் கணினி சிஸ்டர் சொன்னார். செயலியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அது. கேட்க எளிது, செய்துபாருங்கள்! என் தோழியின் அம்மா தவறான இடத்தில் அழுத்தியபோதெல்லாம் “அங்க இல்லீங் அத்தை, கீழே” என்று நான் வாய் திறந்துகொண்டே இருந்தேன். நான் எல்லார் வீட்டுக்கும் செயலியோடு போய் நிற்கமுடியாது என்று சிஸ்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. அவர் மூன்று முறை தவறாக அழுத்திய இடத்திற்கே பொத்தானைக் கொண்டுபோய் வைத்தோம்.

இனி மூலநிரலைப் பற்றி. செயலிக்கு உள்ளே இருக்கும் கட்டளைகளின் தொகுப்பைத்தான் மூலநிரல் என்கிறோம். முகத்தை அழகாக அமைப்பதில் எல்லோருக்கும் ஆசை. மூலநிரலை ஒழுங்காகப் பாதுகாப்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. எங்களுக்கும் இருக்கவில்லை. மூவரும் ஒரே கணக்கில் நுழைந்து மாற்றிக்கொண்டிருந்தோம். பென் டிரைவில் ‘நோட்டு’, ‘நோட்டு புதுசு’, ‘நோட்டு கடைசி’, ‘நோட்டு நிஜமா கடைசி’ என்று நான்கு கோப்புகள் சேர்ந்துவிட்டன. அறிவியல் கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, திரையை ஒழுங்கு செய்த தோழி தேவையற்றது என்று நினைத்து ‘ஒன்றரை’க்கான கட்டங்களை அழித்துவிட்டாள். எதற்காகச் செயலி தொடங்கினோமோ அதுவே போயிற்று. ‘நிஜமா கடைசி’யைத் திறந்தால் அதில் 11.5 பிழை அப்படியே இருந்தது. எந்தக் கோப்பில் எதைத் திருத்தினோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. அவள் அழுதாள், நாங்கள் அவளைக் கோபித்துக்கொண்டோம். உண்மையில் தவறு மூவருடையதும்தான்.

வெட்கம் என்னவென்றால், இதற்கான ஒழுங்கு நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஏற்றுமதிக் கம்பெனியின் சாம்பிள் அறையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு சட்டைக்கும் ஸ்டைல் நம்பர் எழுதிய அட்டை தொங்கும். முதலில் ஃபிட் சாம்பிள், பிறகு சைஸ் செட், உற்பத்திக்கு முன் பிபி சாம்பிள் என்று வரிசை. கழுத்தை அரை அங்குலம் இறக்கச் சொன்னது யார், எந்தத் தேதியில் என்பது குறிப்பில் இருக்கும். பழைய சாம்பிளைத் தூக்கி எறியமாட்டார்கள். பையர் திடீரென்று ‘முந்தையதே நன்றாக இருந்தது’ என்பாரே! ஒப்புதல் பெற்ற சாம்பிள் கைக்கு வராமல் கட்டிங் மாஸ்டர் துணியில் கத்தி வைக்கமாட்டார். புது மாதிரியை ஒரு துண்டில் வெட்டிப் பார்ப்பார்களே தவிர, விரித்த துணி முழுவதையும் வெட்டிப் பார்க்கமாட்டார்கள்.

மென்பொருள் உலகில் இதே வேலையைச் செய்வது கிட் என்ற கருவி. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவை உருவாக்கிய பின்லாந்துக்காரர் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதத் தொடங்கினார். லினக்ஸின் மூலநிரலை உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து திருத்துகிறார்கள்; அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற கருவியை இலவசமாகத் தருவதை அதன் உரிமையாளர்கள் நிறுத்திக்கொண்டதால், புதியதொன்று அவசரமாகத் தேவைப்பட்டது. நம் வீட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியிலும் அந்த லினக்ஸ் கருதான் இருக்கிறது. யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பது கிட்டில் நிலைத்திருக்கும். புதிய முயற்சியைத் தனிக் கிளையில் செய்து பார்த்து, சரியானால் மூலத்தோடு இணைக்கலாம். தவறானால் மூலத்துக்குச் சேதமில்லை. துண்டில் வெட்டிப் பார்ப்பது என்றேனே, அதுதான்.

நாங்கள் கிட் வரை இன்னும் போகவில்லை. ஆப் இன்வென்டரிலேயே செக்பாயிண்ட் என்று ஒரு வசதி உண்டு. அதை அழுத்தினால் அந்த நேரத்துப் பிரதி தனியே நின்றுவிடும். கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டோம். எண், தேதி, செய்தவர், மாற்றம், காரணம் என்று ஐந்து கட்டங்கள். மற்ற நான்கும் சோம்பேறிகூட எழுதிவிடலாம்; காரணம் எழுதுவதுதான் கடினம். ‘பொத்தானைப் பெரிதாக்கினேன்’ என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதம் இன்னொருத்தி அழகுக்காகச் சிறிதாக்கிவிடுவாள். ‘அத்தையின் விரல் மூன்று முறை தவறியது’ என்று எழுதினால் தொடமாட்டாள். ஒருநாளில் ஒருவரே மாற்றுவது என்றும், ஒரு முறைக்கு ஒரு மாற்றமே என்றும் விதி வைத்தோம். கடவுச்சொல்லையும், பிறருடைய கூலி விவரத்தையும் நிரலுக்குள் எழுதக்கூடாது என்பது சிஸ்டர் சேர்த்த விதி. நிரலை நாளை ஊரறியப் பகிர நேர்ந்தால் அவையும் சேர்ந்தே போய்விடும் அல்லவா?

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலை நொடியில் எழுதித் தருகிறதே, இந்த நோட்டெல்லாம் எதற்கு என்று எங்கள் கண்காட்சிக்கு வந்த ஓர் அண்ணன் கேட்டார். நாங்களும் அதைக் கேட்டுப் பார்த்திருந்தோம். அது தந்த திரையில் மணி இருந்தது, நிமிடம் இருந்தது. நாங்கள் சொல்லும்வரை ஒன்றரை இல்லை. நொடிக்கு நூறு வரி எழுதும் இயந்திரம் கையில் இருந்தால், எந்த நூறு வரி நேற்று சரியாக இருந்தது என்ற குறிப்பு முன்னைவிட அதிகம் தேவைப்படும் என்பது என் எண்ணம்.

பெற்றோரிலும் சிலர், பெண்பிள்ளைக்கு இந்த வயதில் இது எதற்கு, பொதுத்தேர்வுக்குப் படிக்கட்டும் என்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமே. ஆனால் கணிப்பொறி அறிவியலில் அமெரிக்காவில் முதன்முதல் முனைவர் பட்டம் பெற்றவர்களில் ஒருவர், 1965-இல், ஒரு கன்னியாஸ்திரீ. அவர் அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர். அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி இருபது ஆண்டு நடத்தினார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், நிரல் எழுதத் தாமே கற்று, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் அமைத்தவர். 2006-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. எனக்கும் அதே வயது என்பதைக் கோவிலில் அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக எங்கள் மீதே ஒரு குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் செயலி இருப்பதை இவ்வளவு குறை சொன்ன நாங்கள், ‘ஷிப்ட் நோட்டை’த் தமிழில் மட்டுமே செய்திருந்தோம். நம் ஊர்க் கம்பெனிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்து தைப்பவர்கள் எத்தனை பேர்! எங்கள் லைன் வீட்டில் மூன்றாம் வாசலில் இருக்கும் ஒடிசா அக்கா, அம்மாவின் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அன்று அம்மா அந்தப் பச்சைப் பொத்தானைப் பார்த்த மாதிரியே இருந்தது அவர் முகம். மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரையில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்த மொழியின் எழுத்திலேயே எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. ‘ஒடியா’ என்று தமிழில் எழுதிவைத்தால் அதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அந்த அக்காவின் மகன் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். ஐந்து பொத்தான்களுக்கும் உரிய சொற்களை அக்கா சொல்ல, அவன் ஒரு தாளில் தன் எழுத்தில் எழுதித் தந்திருக்கிறான். லீவு என்பதற்கு மட்டும் தாயும் மகனும் ஒத்துப்போகவில்லை; இரண்டையும் எழுதியிருக்கிறான். எங்கள் நோட்டில் பதினான்காம் எண் வரை வந்திருக்கிறோம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பதினைந்தாவது அதுதான்.